நல்ல குதிரை நோவைக் காட்டாது: வன்னியில் மட்டக்குதிரை வைத்திருப்பவர்களுக்கு, அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

வன்னியில் மாடு தெரியாத வீடு இல்லை. குதிரை தெரிந்த வீடு அரிது. அதனால் இங்கே குதிரைக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அதை ஒரு மாடாக நினைத்துப் பராமரிப்பதால் வருபவை. “மாட்டுக்குக் குடுக்கிறதைத்தானே அண்ணை இதுக்கும் குடுத்தனான்” என்று சொந்தக்காரர் சொன்னாலே பாதி நோய் பிடிபட்டுவிடும். மாட்டுக்கு அசைபோடும் வயிறு. இலைதழையில் உள்ள சில நஞ்சுகளை அங்கிருக்கும் நுண்ணுயிர்களே சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. சின்ன இரைப்பை, நீண்டு மடிந்து கிடக்கும் குடல். போதாததற்கு, உள்ளே போனதை வாந்தியெடுக்கவும் முடியாது.

அடுத்தது அதன் குணம். மட்டக்குதிரை வர்க்கம் பொல்லாத உறுதி. நெடுந்தீவில் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை இன்றைக்கும் கொட்டிலோ தீவனமோ இல்லாமல், கோடையில் காய்ந்த புல்லையும் கிடைக்கிற தண்ணீரையும் நம்பித் திரிகின்றன. அப்படிப்பட்ட உடம்பு நோவை வெளியே காட்டாது. கூட்டத்தில் நொண்டுவதைத்தான் எதிரி முதலில் பிடிக்கும் என்பது அதன் இரத்தத்தில் ஊறியது. மன்னார்க் கழுதைகள் இதில் இன்னும் ஒருபடி மேல். சாகும் நிலையிலும் சும்மா நிற்பதுபோல நிற்கும். ஆகவே “அது ஒன்றும் செய்யாது, நல்ல குதிரை” என்ற நம்பிக்கையை வைத்து எதையும் முடிவெடுக்காதீர்கள். எண்களைப் பாருங்கள்.

எண்கள்

குதிரை நலமாக இருக்கும் நாளில் இவற்றை அளந்து கொட்டிலில் எழுதி ஒட்டிவையுங்கள். காய்ச்சல் பார்க்கும் கருவியை நூலில் கட்டி மலவாயில் வைத்தால் 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ் காட்ட வேண்டும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. சின்ன மட்டக்குதிரைக்குக் கொஞ்சம் கூடலாம். நாடி பார்க்க, தாடை எலும்பின் கீழ் விளிம்பை இரண்டு விரல்களால் தடவிக்கொண்டு போங்கள். பென்சில் தடிப்பில் ஒரு குழாய் விரலுக்குள் வழுக்கும். அதை எலும்போடு மெல்ல அழுத்தி 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16. விலாவின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து எண்ணலாம். ஈறு ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளிறிய இடம் இரண்டு வினாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும்.

எடையும் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் பூச்சி மருந்து கொடுக்க முடியாது. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரையான நீளத்தையும் சென்ரிமீற்றரில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவும் நீளமும் 140 என்றால் ஏறக்குறைய 231 கிலோ.

எங்கள் பக்கத்து மிருக வைத்தியர்களுக்கு அன்றாட வேலை மாடும் ஆடும்தான். தொலைபேசியில் “குதிரைக்கு ஏதோ சுகமில்லை” என்பதைவிட “நாடி 64, விடிஞ்சதிலிருந்து சாணம் இல்லை” என்று சொன்னால் அவர் வரும் வேகமே வேறு.

வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, காலால் மண்ணைக் கிளறுகிறது, படுத்துப் புரள்கிறது

வயிற்றுக்குத்து. குதிரைகள் சாவதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று இது. உறுதியான குதிரைகளில் புரளல்கூட வராது. மேலுதட்டைச் சுருட்டுவது, தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகுவது, சாணம் போடாமல் இருப்பது, இவ்வளவுதான் தெரியும்.

முதலில் தீவனத்தை அகற்றுங்கள், தண்ணீர் இருக்கட்டும். விலாவின் இரண்டு பக்கமும் காதை வைத்து ஒவ்வொரு பக்கமும் ஒரு நிமிடம் கேளுங்கள். நல்ல குடல் கடகடவென்று இரைந்துகொண்டே இருக்கும். ஒரு சத்தமும் இல்லை, நாடி 60ஐத் தாண்டுகிறது, ஈறு கருஞ்சிவப்பாகவோ வெளிறியோ இருக்கிறது என்றால் வேறு எதையும் செய்து பார்க்காமல் வைத்தியரை அழையுங்கள். காத்திருக்கும்போது பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடத்தலாம். மணிக்கணக்காக இழுத்துக்கொண்டு திரிவது அதைக் களைக்கவைப்பதைத் தவிர ஒன்றும் செய்யாது.

செய்யவே கூடாத இரண்டு: மாட்டுக்குச் செய்வதுபோலத் தலையைத் தூக்கிப் போத்தலாலோ மூங்கில் குழாயாலோ எண்ணெயும் கஷாயமும் பருக்குவது, குறி சுடுவது. பருக்கும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் வயிற்றுக்குத்திலிருந்து தப்பிய குதிரையும் சளிக்காய்ச்சலில் போய்விடும். வைத்தியர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் எண்ணெய் கொடுப்பார். குறி சுடுவதைப் பற்றி ஒரு வார்த்தை: அதனால் குணமானதாகச் சொல்லப்படும் விலங்குகள் எல்லாம் சுடாமலே குணமாகியிருக்கும்.

குத்து அடிக்கடி வந்து போகிறது என்றால் மணலைச் சந்தேகியுங்கள். முல்லைத்தீவுக் கரையோரம், மன்னார் போன்ற மணற்பாங்கான இடங்களில் புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும் குதிரையின் குடலில் மணல் படிந்துகொண்டே போகும். சோதிப்பது சுலபம். நிலத்தில் படாத சாண உருண்டைகள் ஐந்தாறை ஒரு தெளிந்த போத்தலில் போட்டு, தண்ணீர் விட்டு, குலுக்கி, கால் மணி நேரம் வைத்துவிடுங்கள். நார் மேலே மிதக்கும். அடியில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் மணல் வடிந்திருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. தீவனத்தை நிலத்தில் கொட்டாமல் தொட்டியில் போடுங்கள். காய்ந்த புல்லைக் கூட்டுங்கள். இசப்கோல் உமியை எவ்வளவு, எத்தனை நாள் கொடுப்பது என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

கோடை நடுவில் வரும் குத்துக்குப் பெரும்பாலும் தண்ணீர்க் குறைவுதான் காரணம். 250 கிலோ மட்டக்குதிரை சோளகக் காற்று அடிக்கும் நாட்களில் நாளுக்கு 20 முதல் 30 லீற்றர் குடிக்கும். குளம் வற்றி அடியில் கிடக்கும் சேற்றுத் தண்ணீரை அது தொடாது. மாடு குடிக்கிறதே என்று நினைத்துவிட்டு இருந்துவிடுவோம். இரண்டு மேசைக்கரண்டி ஆனையிறவு உப்பை நாள்தோறும் தீவனத்தில் கலந்தால் தானாகக் கூடுதலாகக் குடிக்கும்.

முன்னங்கால்களை முன்னே நீட்டிப் பின்னுக்குச் சாய்ந்து நிற்கிறது, நடக்க மறுக்கிறது

இது குளம்பழற்சி. உறுதியான குதிரைக்கென்றே எழுதிவைத்த நோய் என்று சொல்லலாம். கொஞ்சத் தீனியில் வாழப் பழகிய உடம்புக்கு நிறையத் தீனி கிடைத்தால் அது நஞ்சாகிறது. நகம் சதையோடு ஒட்டியிருப்பதுபோலக் குளம்பின் சுவர் உள்ளெலும்போடு ஒட்டியிருக்கிறது. அந்த ஒட்டு அழன்று விட்டுப்போவதுதான் நோய். முழுதாக விட்டால் எலும்பு கீழே இறங்கி அடிக்குளம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

குளம்பைத் தொட்டால் சூடாக இருக்கும். குளம்புக்கு மேலே உள்ள மூட்டின் பின்பக்கம் விரல் வைத்தால், வழக்கமாகத் தேடிப்பிடிக்க வேண்டிய நாடி விண்விண்ணென்று அடிக்கும். உடனே தானியம், தவிடு, பச்சைப்புல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தடிப்பாக மணல் பரப்பிய கொட்டிலில் விடுங்கள். நடத்திப் பயிற்சி கொடுத்தால் “கால் இளகும்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒவ்வொரு அடியும் அந்த ஒட்டைக் கிழிக்கும்.

காலபோக அறுவடை நேரம் ஒரு தனி ஆபத்து. இரவில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நெல் மூட்டைக்குள் வாயை விட்ட குதிரை விடிய நன்றாகத்தான் நிற்கும். நொண்டல் வருவது பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாள் கழித்து. எனவே நொண்டும் வரை காத்திருக்காதீர்கள். மூட்டையைத் தின்றது தெரிந்த கணமே வைத்தியரை அழைத்துவிட்டு, நான்கு கால்களையும் குளம்புக்கு மேலே வரை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் விடாமல் குளிர் படவேண்டும். மீன் வாடிக்கு ஐஸ் வரும் ஊராக இருந்தால் இது முடியாத காரியமல்ல. பழைய லொறி டயர் ரியூப்பை வெட்டிச் சப்பாத்துப்போல மாட்டி ஐஸ் நிரப்புகிறவர்களும் உண்டு.

வராமல் தடுக்கப் பிடரியைத் தடவிப் பாருங்கள். கழுத்தின் மேல் விளிம்பு தடித்து, இறுகி, பக்கவாட்டில் ஆட்ட முடியாதபடி இருந்தால் அது “நல்ல சதைப்பிடிப்பு” அல்ல. ஒரு நாளைக்கு உலர்தீவனம் உடல் எடையில் நூற்றுக்கு 1.5 முதல் 2 பங்கு, அதாவது 250 கிலோவுக்கு 4 முதல் 5 கிலோ போதும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கைக்குத் தெரிய வேண்டும். மாரி தொடங்கிப் பத்து நாளில் வயல் வரம்பெல்லாம் பச்சையாகும்போது, முழு நாளும் அவிழ்த்துவிடாமல் ஒரு மணி நேரத்தில் தொடங்குங்கள்.

முகம் தடிக்கிறது, நொண்டல் இன்றைக்கு ஒரு கால் நாளைக்கு ஒரு கால்

கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் எலும்பு புடைத்துவருகிறதா? தவிட்டையும், மாட்டுக்கு வளர்க்கும் கோ-3 புல்லையும் பாருங்கள். அரிசித் தவிட்டில் பொஸ்பரஸ், கல்சியத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல். குதிரைக்கோ கல்சியம்தான் கூடுதலாக, பொஸ்பரஸைப்போல ஒன்றரை மடங்காவது, இருக்க வேண்டும். கோ-3, கினிப் புல் இரண்டிலும் ஒட்சலேற் உண்டு. அது இருக்கிற கல்சியத்தையும் பிணைத்துவிடும். மாட்டின் வயிறு அதைச் சிதைத்துக்கொள்ளும், குதிரையால் முடியாது. இரத்தத்தில் கல்சியம் குறையக் குறைய, உடம்பு எலும்பிலிருந்து எடுக்கும். எலும்பு கரைந்த இடத்தில் நார் வளர்ந்து முகம் வீங்குகிறது.

தவிட்டை நிறுத்தி, புல்லைக் கலந்து கொடுங்கள்: வரம்புப் புல், காய்ந்த புல், கச்சான் கொடி. கச்சான் கொடியில் கல்சியம் நன்றாக இருக்கிறது. ஆனால் பூஞ்சணம் பிடித்ததையோ மண் ஒட்டியதையோ கொடுக்காதீர்கள். தீவனக் கடையில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் மாவை வைத்தியர் சொல்லும் அளவில் சேர்க்கலாம். வெற்றிலைச் சுண்ணாம்பு அல்ல. பிந்திப் பிடித்தால் முகத்தின் வடிவம் முழுதாகத் திரும்பாது, நொண்டல் தீரும்.

தீவனக் கடை என்றதும் இன்னொன்று. கோழித்தீன், மாட்டுத்தீன் சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். குதிரைக்கு அது சிறிதளவிலேயே இதயத் தசையை அழித்துவிடும். பையில் அச்சடித்திருப்பதை வாசிக்காமல் ஒரு பேணிகூடப் போடாதீர்கள்.

பிடரியும் வாலும் கொட்டுகின்றன

மயிர் தானாக உதிர்கிறதா, தேய்த்துத் தேய்த்துப் போகிறதா என்று முதலில் பிரியுங்கள்.

சொறியாமல் நீள நீளமாக உதிர்ந்து, குளம்பில் வளையம் வளையமாகக் கோடும் விழுந்தால், வேலியில் இப்பில் இப்பில் மரம் நிற்கிறதா பாருங்கள். அதன் இலையில் உள்ள மிமோசின் செய்யும் வேலை அது. வெட்டி எறிந்தால் மயிர் திரும்ப வளரும். சீமைக்கிளுவையும் ஆடுமாட்டுக்கே, குதிரைக்கு வெட்டிப் போடாதீர்கள்.

தூணில் தேய்த்துப் புண்ணாக்கினால் மாரிகாலச் சிறு கொசுக்கடி ஒவ்வாமை, அல்லது வாலடியில் மட்டும் என்றால் ஊசிப்புழு. கொசுவுக்குப் பின்னேரமும் விடியவும் கொட்டிலுக்குள் வைத்துப் புகை போடுவது உதவும். புகை மூக்கில் அடிக்காமல் காற்றுப் பக்கம் பார்த்து வையுங்கள். உண்ணி என்றால் கையால் பிடுங்குங்கள், அல்லது பேர்மெத்திரின் பாவியுங்கள். மாட்டு உண்ணிக்கு விசிறும் அமிட்ராஸ் குதிரையின் குடலை நிறுத்திவிடும். வீட்டில் மாடும் இருந்தால் அந்தப் போத்தலைக் கொட்டிலுக்கு வெளியே வையுங்கள். பூச்சிக்கு ஐவர்மெக்ரின் நல்ல மருந்துதான், ஆனால் வாயால் கொடுக்க வேண்டும். மாட்டு ஊசியைக் குதிரைக்குக் குத்தக் கூடாது.

வெயிலில் மூச்சு வாங்குகிறது, உடம்பு காய்ந்திருக்கிறது

வியர்ப்பது நல்லது. வியர்க்காமல் மூக்கு விரிந்து இரைக்கும் குதிரைதான் ஆபத்தில் இருக்கிறது. சூடு 40 பாகையைத் தாண்டியிருந்தால் நிழலில் நிறுத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். சாக்கு நனைத்துப் போர்த்தாதீர்கள், சூடு உள்ளே நிற்கும். சூடான குதிரைக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்பது பழைய பயம், குடிக்கட்டும். கொட்டிலுக்குத் தகரத்தைவிடக் கிடுகோ பனையோலையோ மேல்.

குளம்பு நாறுகிறது

மாரியில் வரும். குளம்பின் அடியில் முக்கோணமாக மெத்தென்று இருக்கும் பகுதியின் பள்ளத்தில் கறுப்பாகக் கசியும். நாள்தோறும் சுரண்டிச் சுத்தம்செய்து, காயவைத்து, நீர்த்த அயடீன் தடவினால் தீரும். உலர்ந்த மேடு இல்லாமல் எந்த மருந்தும் வேலைசெய்யாது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பை அராவ வேண்டும். மாட்டுக்கு லாடம் அடிப்பவரிடம் குதிரைக் குளம்பைக் கொடுக்குமுன் அவருக்கு அந்த வேலை தெரியுமா என்று கேளுங்கள்.

வாயிலிருந்து மென்ற புல் உருண்டையாக விழுகிறது

பல். குதிரைப் பல் வாழ்நாள் நெடுக வளர்ந்து தேயும். விளிம்பு கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். வருடத்துக்கு ஒருமுறை பார்த்து அராவினால் போதும்.

முள்ளுக்கம்பிக் காயம், பிறகு விறைப்பு

எங்கள் மண்ணில் எங்கே தோண்டினாலும் பழைய கம்பியும் தகரமும் வரும். குதிரையைப்போல ஏற்புவலிக்கு இலகுவில் இரையாகும் வீட்டு விலங்கு வேறில்லை. காயம் ஆறியபிறகு, ஒன்று முதல் மூன்று வாரத்தில், காது நிமிர்ந்து, வால் தூக்கி, கால்கள் மரக்கால்போல விறைத்து நிற்கும். சந்தேகம் என்றால் தாடைக்குக் கீழே மெல்லத் தட்டுங்கள்: கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு வெள்ளைச் சவ்வு சட்டென்று விழியின் குறுக்கே பாய்ந்து திரும்பும். அதைக் கண்டபிறகு பிழைக்கவைப்பது கடினம். தடுப்பூசி 4 முதல் 6 வார இடைவெளியில் இரண்டு, பிறகு வருடம் ஒன்று. வாங்கிய வாரமே மிருக வைத்திய அலுவலகத்தில் இதைக் கேளுங்கள்.

முகம் சட்டென்று வீங்குகிறது

மேயும்போது புடையன் கடிப்பது மூஞ்சியில்தான். குதிரை வாயால் மூச்சுவிட முடியாத விலங்கு. மூக்கு அடைத்தால் முடிந்தது. வீக்கம் முற்றுமுன் ஒரு சாண் அளவு தோட்டக் குழாயின் முனைகளை வழுவழுப்பாக்கி, எண்ணெய் தடவி, ஒவ்வொரு மூக்குத் துளையிலும் விட்டுப் பிளாஸ்ரரால் ஒட்டுங்கள். கட்டுப்போடுவது, கீறிவிடுவது வேண்டாம். நடத்தாமல் வைத்தியரை அங்கேயே வரவழையுங்கள்.

கடிக்கிறது, பிடிபடுவதில்லை, போகமாட்டேன் என்று நிற்கிறது

நல்ல குணமுள்ள குதிரை திடீரென்று பொல்லாததாக மாறினால் முதலில் நோவைத் தேடுங்கள்: முதுகு, பல், கட்டுப்பட்டி உராயும் இடம். உடம்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு பழக்கத்தைப் பாருங்கள். அன்பான குதிரைகளைக் கெடுப்பது பிஸ்கற். பிள்ளைகள் கையில் வைத்து ஊட்ட ஊட்ட, அது கையை மோந்து, சட்டையை இழுத்து, கடைசியில் பல் பதிக்கும். கொடுப்பது எல்லாம் வாளியில் என்று வையுங்கள். உங்கள்மேல் சாய்ந்து வந்தால் அடிக்காமல் நெஞ்சில் விரல்நுனியால் அழுத்துங்கள். ஓர் அடி பின்வாங்கியதும் அந்தக் கணமே கையை எடுங்கள். அழுத்தம் அல்ல, அதை எடுப்பதுதான் பாடம். மாட்டோடு பழகியவர்களுக்கு இந்த இடம்தான் கடினம். குதிரை சரியாகச் செய்த பிறகும் கயிற்றை இழுத்துக்கொண்டே நிற்பார்கள்.

பிடிபடாத குதிரைக்கு, பிடிபட்டால் வேலை என்று தெரிந்துவிட்டது. சில நாள் பிடித்து, தடவி, சும்மா விட்டுவிடுங்கள். நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் அதற்குப் பார்வை இல்லை. தோள் பக்கமாகக் கதைத்துக்கொண்டு போங்கள். நைலோன் கயிற்றைக் காலிலோ கழுத்தில் சுருக்காகவோ கட்டி மேயவிடாதீர்கள். கயிறு சுற்றினால் மாடு நிற்கும், குதிரை தோல் உரியும்வரை உதறும். மூக்கணாங்கயிறு என்ற பேச்சுக்கே இடமில்லை, தலைக்கயிறு போதும்.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் காட்டோரப் பாதையில் ஓரிடத்தில் காது நிமிர்த்தி நின்றுவிட்டால் அடித்து ஓட்டாதீர்கள். யானை வாடை உங்களுக்கு முன் அதற்குத்தான் தெரியும். திரும்பிவிடுவது புத்தி. யானை வெடிச் சத்தத்துக்கு மட்டும் பழக்கலாம்: தொலைவில் வெடிக்கும் நேரம் பார்த்துத் தீவனம் வைப்பது, பிறகு மெல்ல மெல்ல நெருங்குவது. கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

வெடிக்கு மிரண்ட குதிரை, கண்ணிவெடி எச்சரிக்கைக்குச் சிவப்பு மண்டையோட்டுப் பலகை நட்ட நிலத்துக்குள் ஓடிவிட்டால் பின்னால் போகக் கூடாது. அது மிதித்துப் போன தடத்திலும் கூடாது. பலகைக்கு இப்பால், நீங்கள் வந்த பாதையிலேயே நின்று தீவன வாளியைத் தட்டுங்கள். வாளிச் சத்தத்துக்கு வரப் பழக்குவதை எல்லாப் பயிற்சிக்கும் முன்னால் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். அந்த வாளியில் ஒரு பிடி தவிடு கெடுதலில்லை. வராவிட்டால் கிராம அலுவலருக்கும் கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கும் அறிவியுங்கள். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தண்ணீர்த் தொட்டியை வேலிக்கு வெளியே, குதிரையின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள்.